முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே போன் நம்பர்

1. வராத ஐந்து பேர்

மணி பதினொன்று ஆகியும் கடலோரத்திலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை.

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்துகொண்டிருந்தது. காது கேளாத, கண் தெரியாத, கைகால் சரியாக வராத பள்ளிப் பிள்ளைகளை டாக்டர்கள் பார்த்து, யாருக்கு என்ன கருவி வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் முகாம். எங்கள் வட்டாரத்துக்கு வருடத்தில் ஒரு முறைதான். அணுபுரத்திலிருந்து பெற்றோர் காரில் வந்துவிட்டார்கள். உள்கிராமங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துவிட்டார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவக் குப்பத்திலிருந்து வரவேண்டிய ஐந்து பேரைத்தான் காணோம். அன்றைக்கு அந்தக் குப்பத்துக்குப் பொறுப்பு நான்.

வராதவர் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஐந்து பெயருக்கும் நேராக, ‘பெற்றோருக்கு விருப்பமில்லை’ என்று எழுதினேன். எழுதப் பத்து விநாடிகூட ஆகவில்லை. நாங்கள் எல்லோரும் வழக்கமாக எழுதுவதுதான் அது. ஆனால் அப்படி எழுதிவிட்டால் அந்தப் பிள்ளையின் பெயர் வேறு எந்த முகாமிலும் ஏறாது, அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து விநாடிக்குப் பின்னால் பல மாதத்துப் பொறாமை இருந்தது. இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

2. நாற்காலி

நான் ஆசிரியர் பயிற்றுநர். வட்டார வள மையத்தில் வேலை. வகுப்பெடுக்கும் வேலை இல்லை. பள்ளிகளுக்குப் போவது, பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போவது, பெற்றோரைக் கூட்டி வைத்துப் பேசுவது, பேசியதையெல்லாம் படிவத்தில் ஏற்றுவது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். கணவருக்கு அணுமின் நிலையத்தில் வேலை, அதனால் அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டோம்.

குமுதா சிறப்புப் பயிற்றுநர். குறைபாடுள்ள பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருபவள். ஒப்பந்த வேலை. என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு எம்.ஃபில் உண்டு, நிரந்தர வேலை உண்டு, மேசையில் பெயர்ப்பலகை உண்டு. அவள் மேல் பொறாமைப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அவளோடு முதல்முறை குப்பத்துக்குப் போன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தர்ஷினி என்று ஆறு வயதுப் பெண். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்றில் கொஞ்சம் கேட்கும். அவள் அம்மா செல்வி என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள். “உக்காருங்க மேடம்.” குமுதா கேட்காமலே தரையில் உட்கார்ந்து, செல்வி ஆய்ந்துகொண்டிருந்த நெத்திலிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நான் கேட்டேன். “குழந்தை தினமும் பள்ளிக்கூடம் வர்றாளா?”

“வர்றா மேடம்.”

“வீட்டுல பயிற்சி தர்றீங்களா?”

“தர்றோம் மேடம்.”

நோட்டில் எழுதிக்கொண்டேன். நாற்காலி போட்டதில் எனக்குப் பெருமைதான். விடைபெற்று வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, உள்ளே செல்வியின் குரல் வேறு மாதிரி கேட்டது.

“குமுதாக்கா, இதும் அப்பன் இன்னா சொல்லிகினு கீறான் தெரிமா? காது கேக்காத பொண்ண பள்ளிக்கொடம் அனுப்பி இன்னா ஆவப்போவுது, இந்த வாட்டியும் காது மிசினு வரலன்னா நிறுத்திடுன்றான். போன வருசமே காதுல சீழு கீது, அடுத்த வருசம் வான்னு அனுப்ட்டாங்க. எனக்கு ஒரே பேஜாரா கீதுக்கா.”

“நிறுத்தல்லாம் மாட்டான். நான் வந்து பேசுறேன். முகாமு வருது இல்ல, பாத்துக்கலாம்.”

எனக்குக் கிடைத்தது ‘தர்றோம் மேடம்’. அவளுக்குக் கிடைத்ததுதான் விஷயம். வண்டியில் வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் கண்ணில் பட ஆரம்பித்தது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அவள் போன் அடிக்கும். “சொல்லு செல்வி… அழுவாத, இன்னா ஆச்சு?” காதுகுத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வரும். கருவாட்டுப் பொட்டலம் வரும். என் போனில் ஆபீஸும் என் கணவரும்தான். ஒருநாள் மதியம் நான் வைத்திருந்த அலாரம் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, “ஆமாம்மா, கட்டாயம் வர்றேன்மா, நீங்க கவலைப்படாதீங்க” என்று அரை நிமிடம் பேசினேன். குமுதா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “யாரு மேடம்?” என்று கேட்டாள். ஒரு பேரண்ட் என்றேன்.

ஐம்பத்தாறு வயதில் அலாரத்தோடு பேசியிருக்கிறேன்.

3. சிவப்பில் வந்த பட்டியல்

மாதாந்திர ரிவ்யூ கூட்டத்தில் மேற்பார்வையாளர் தனசேகர் சார் என்னைப் பார்த்துக்கொண்டே குமுதாவைப் பாராட்டினார். “கடலோரத்துல ஒரு டிராப்-அவுட் இல்ல. எல்லாரும் குமுதாகிட்ட கத்துக்கணும். பேரண்ட்ஸோட கனெக்ட் பண்றதுன்னா அதான்.” எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த வாரமே எனக்கு ஒரு பட்டியல் வந்தது. எமிஸ் என்பது மாணவர் பதிவுத் தளம். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் போன் நம்பர் அதில் இருக்கும், பள்ளி சம்பந்தமான எந்தச் செய்தியும் அந்த நம்பருக்குத்தான் போகும். ஒரே நம்பர் பல பிள்ளைகளுக்குப் பதிவாகியிருந்தால் சிவப்பில் காட்டும். எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலும் இரண்டு, மூன்று என்றுதான் வரும், அண்ணன் தம்பிகளாக இருக்கும். குப்பத்துப் பள்ளியில் மட்டும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நம்பர்.

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். தினமும் மதியம் என் பக்கத்தில் அடிக்கிற நம்பர்.

முதலில் வந்தது சந்தோஷம். அடிப்பாவி, இதுதான் உன் கனெக்டா என்று நினைத்தேன். முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் இவளே அம்மாவும் அப்பாவுமா? குமுதா என் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பி, “ஏம்மா இப்படிப் பதிஞ்சிருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது நல்ல காரணம் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

விதி என் பக்கம் இருந்தது. பெற்றோர் நம்பர்தான் பதிய வேண்டும், ஊழியர் நம்பர் கூடாது. பள்ளியின் தலைமை ஆசிரியைக்குப் போன் போட்டு, சேர்க்கைப் படிவங்களில் அப்பாக்கள் கொடுத்திருந்த நம்பர்களை வாங்கினேன். முப்பத்தெட்டையும் நானே உட்கார்ந்து மாற்றினேன். அன்றைக்குச் சாப்பாடுகூட ருசியாக இருந்தது.

அடுத்து, திருச்சியில் சிறப்புப் பயிற்றுநர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி, ஒருவரை அனுப்ப வேண்டும் என்றார்கள். “குமுதாவை அனுப்பலாம் சார். குப்பத்தை நான் பார்த்துக்கிறேன்” என்றேன். முகாம் அவள் திரும்பி வந்த பிறகுதான், அதனால் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. அந்த ஒரு வாரம் குப்பத்துப் பெண்கள் எனக்குப் போன் செய்வார்கள் என்பது என் கணக்கு.

4. சனிக்கிழமை சாயங்காலம்

குமுதா சனிக்கிழமை காலை திருச்சிக்குக் கிளம்பினாள். அன்று மதியமே தகவல் வந்தது. முகாம் நடக்க வேண்டிய வாரத்தில் அந்தப் பள்ளியை ஒரு தேர்வுக்கு எடுத்துக்கொண்டார்கள், அதனால் நாளை மறுநாள், திங்கட்கிழமையே முகாம் என்று. பள்ளி விட்டாயிற்று. மறுநாள் ஞாயிறு. இனி போன்தான் வழி.

சாயங்காலம் எல்லாப் பெற்றோருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினேன். எல்லா எண்ணுக்கும் ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டியது. பட்டியலைப் பார்க்கவே அழகாக இருந்தது.

ஞாயிறு காலை குமுதா திருச்சியிலிருந்து கூப்பிட்டாள்.

“மேடம், முகாம மாத்திட்டாங்களாமே. என் போனுக்கு நம்ம குப்பத்து மெசேஜு ஒண்ணுகூட வரலியே.”

“அதெல்லாம் பேரண்ட்ஸுக்கே நேராப் போயிடுச்சும்மா.”

“நேராவா?” என்று கேட்டாள். “எதுக்கும் நான் குப்பத்துல இட்லி விக்குற நாஸ்தா கடை அக்காவுக்கு ஒரு போன் போட்டுடவா மேடம்? அது வூடு வூடா சொல்லிடும்.”

“வேணாம். நான் பாத்துக்கிறேன். நீ டிரெய்னிங்கைப் பாரு.”

“சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டாள். மேலதிகாரி பார்த்துக்கொள்கிறேன் என்றால் நம்பத்தானே வேண்டும். அணுபுரத்திலிருந்து குப்பத்துக்கு வண்டியில் அரை மணி நேரம். போய் வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்று துணி துவைத்தேன்.

5. செல்வி வீட்டில்

மறுபடி முகாமுக்கு வருகிறேன். ‘விருப்பமில்லை’ என்று எழுதிய தாளைக் காது டாக்டரிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். வயதான அம்மா அவர். பெயர்களைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தத் தர்ஷினி… போன வருஷம் காதுல சீழ் இருந்துச்சு, கருவிக்கு அச்சு எடுக்க முடியாதுன்னு நான்தான் திருப்பி அனுப்புனேன். அவங்கம்மா எவ்வளவு கெஞ்சுனாங்க. அவங்களா விருப்பமில்லன்னாங்க? நீங்க கேட்டீங்களா?”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மதியம் சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன்.

செல்வி வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் குடத்தை அப்படியே தரையில் வைத்தாள்.

“இன்னைக்கா? அடுத்த வாரம்னு இல்ல குமுதாக்கா சொல்லிச்சு? அதுக்குன்னு புதுக் கவுனு வாங்கி வெச்சிகினு கீறேன் மேடம்.”

“உங்க வீட்டுக்காரர் போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே?”

“அந்தாளு காசிமேட்டு லாஞ்சுல கீறாரு. போயி ஆறு நாளாச்சு. போனு அவராண்ட கடல்ல கீது. எனக்கு ஏது போனு? இங்க முக்காவாசி வூட்ல அப்டித்தான். அதான் நாங்க அல்லாரும் பேசி, குமுதாக்கா நெம்பரையே எய்திக்கங்கன்னு டீச்சராண்ட சொன்னோம். குமுதாக்கா வேணாம்னுச்சு, ரூல்ஸு இல்லன்னுச்சு. நாங்கதான் வுடல.” மூச்சு வாங்கினாள். “யாரு மேடம் மாத்தினது?”

கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் பாதித் தப்பு கம்ப்யூட்டர் தலையில்தான் விழுகிறது. நாக்கு நுனி வரை வந்தது. தர்ஷினி உள்ளேயிருந்து வந்து என் கையில் இருந்த வண்டிச் சாவியைப் பிடித்து ஆட்டினாள். அதில் ஒரு மணி கோத்திருப்பேன். ஆட்டிவிட்டு அதைத் தன் நல்ல காதருகே கொண்டுபோனாள். பிறகு இன்னும் பலமாக ஆட்டினாள்.

“நான்தான் மாத்தினேன்” என்றேன்.

செல்வி திட்டவில்லை. நாற்காலியும் போடவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன், அவள் உட்கார வேண்டாம் என்று சொல்லவில்லை. குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னாள். “அதும் அப்பன் புதங்கெயம வர்றாரு. நான் இன்னான்னு சொல்லுவேன்?”

6. காரணம் என்ற கட்டம்

வியாழக்கிழமை திருப்போரூரில் பக்கத்து வட்டாரத்துக்கு முகாம் இருந்தது. இந்த ஐந்து பேரை அதில் சேர்த்துவிட்டால் வருடம் வீணாகாது. தனசேகர் சாரிடம் போனேன்.

“சேக்கலாம் மேடம். ஆனா விருப்பமில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதை மாத்தணும்னா காரணம் வேணும். டெக்னிக்கல் பிராப்ளம்னு போட்டுடுங்க.”

“போட்டா?”

“மேல அனுப்பி செக் பண்ணுவாங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும்.”

“வியாழக்கிழமை போயிடுமே சார்.”

“போயிடும்.” பேனாவை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார். “ஊழியர் தவறுன்னு எழுதுனா இன்னைக்கே நான் கையெழுத்துப் போடலாம். ஆனா உங்களுக்கு மெமோ வரும். ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்கு. எதுக்கு மேடம்? பாருங்க, யோசிச்சு எழுதுங்க.”

யோசித்தேன். மெமோவைவிட ஒன்று என்னை உறுத்தியது. நான் எழுதிக் கொடுப்பதைக் குமுதா திரும்பி வந்து படிப்பாள். என் தப்பை அவள் படிப்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவு கேவலமான மனம். தர்ஷினி மணியை இரண்டாம் முறை பலமாக ஆட்டியது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எழுதிக் கொடுத்தேன். ‘பெற்றோர் எண்களை, கள விசாரணை செய்யாமல் மாற்றியது நான். தகவல் சேராததற்கு நானே பொறுப்பு.’

வியாழன் காலை குப்பத்தில் ஐந்து பிள்ளைகளும் ஐந்து அம்மாக்களும் தயாராக நின்றார்கள். மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனேன். தர்ஷினி புதுக் கவுனில் இருந்தாள். முந்தின நாள் ஊர் திரும்பியிருந்த அவள் அப்பாவும் பின்னாலேயே வந்து, பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்துகொண்டார், யாரோடும் பேசவில்லை. காதில் அச்சுக்கான பசையை வைத்தபோது தர்ஷினி கத்தினாள், அவர்தான் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

7. குமுதா திரும்பிய அன்று

மெமோ எனக்கு வரும் முன்பே விஷயம் குமுதாவுக்குப் போய்விட்டது. நாஸ்தா கடை அக்கா வேலை. காலையில் வந்ததும் பையை மேசையில் போட்டாள்.

“என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல மேடம்? பக்கத்துலதான ஒக்காந்துகினு இருக்கேன்.”

“கேட்டிருக்கணும்.”

“ஞாயித்துக்கெயம நான் போன் பண்ணேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பொண்ணுக்கு ஒரு வருசம் போயிருக்கும் மேடம். ஒரு வருசம்.” கண் கலங்கியிருந்தது. கோபத்தில்தான்.

“உன் மேல பொறாமை குமுதா” என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. “எல்லாரும் உனக்குத்தான் போன் பண்றாங்க. எனக்கு யாருமே பண்றதில்லை.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நல்லா கீது. அஞ்சு வருசமா அந்த வூட்டுக்குப் போறேன் மேடம். ஒருநாளு எனக்கு நாற்காலி போட்டிருப்பாளா செல்வி? நீங்க மொத நாளு வந்தீங்க, முந்தானைல தொடச்சிப் போட்டா. நான் நெத்திலி ஆய்ஞ்சிகினே அதத்தான் பாத்துகினு இருந்தேன். நானும் டீச்சர்தான? எனக்கு வவுறு எரியாதா?”

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு அவள் சொன்னாள். “அலாரத்துல பேசுனீங்களே ஒரு நாளு. நான் கண்டுக்கல.”

8. இரண்டாவது நம்பர்

குமுதாவும் நானும் சேர்ந்து குப்பத்தில் பெற்றோர் கூட்டம் போட்டோம். அம்மாக்கள் பெயரில் எந்த நம்பர் வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லி, எழுதிக் கையெழுத்து வாங்கினோம். நாஸ்தா கடை அக்கா நம்பரைப் பலர் சொன்னார்கள். மாமியார் நம்பரைச் சிலர் சொன்னார்கள். குமுதா நம்பரைத்தான் நிறையப் பேர் சொன்னார்கள். பெற்றோர் எழுத்தில் கேட்டதால் தனசேகர் சார் அதற்கு அனுமதி வாங்கித் தந்தார். கடைசியில் நான் தயங்கிக்கொண்டே, மாற்று நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, வேண்டுமானால் என் நம்பரையும் எழுதலாம் என்றேன். ஏழு பேர் எழுதினார்கள். அதில் செல்வியும் ஒருத்தி.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிவில் தப்பாக ஏதாவது தெரிந்தால், திருத்தும் முன் அதைச் சொன்ன வீட்டுக்கு ஒருமுறை போய்விடுங்கள். பல நேரம் அந்தத் தப்பில்தான் ஒரு குடும்பம் நம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். திருத்தும்போது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தால், அன்றைக்குக் கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தர்ஷினியின் கருவி ஒன்றரை மாதம் கழித்து மையத்துக்கு வந்து சேர்ந்தது. மறுநாளே தகவல் சொன்னோம். அடுத்த நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருக்கும்போது என் போன் அடித்தது. அலாரம் இல்லை. திரையில் தெரியாத நம்பர். கையைக்கூடக் கழுவாமல் எடுத்தேன்.

“மேடம், செல்வி பேசுறேன். நாஸ்தா கடை அக்கா போன்லேந்து.”

“சொல்லும்மா செல்வி. சொல்லு.” என் குரல் எனக்கே வேறாக இருந்தது.

“தர்ஷினிய இட்டுகினு பஸ் ஏறப்போறேன். குமுதாக்காவுக்குப் போட்டுகினே கீறேன், எடுக்கவே மாட்டுது. அங்க கீதா மேடம்? கொஞ்சம் குடுங்களேன்.”

குமுதா எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன் சார்ஜரில் கிடந்தது. யாரு மேடம் என்று கண்ணால் கேட்டாள்.

வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். “இருக்காம்மா, தர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனை நீட்டினேன்.